ஏழாவது வீட்டுக்குக் குடிபோனவர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வம்பு வரக்கூடிய ஒரு நாட்டில், மாதம் ஒருமுறை கேள்வி நாள் உண்டு. குடிகள் கேட்பார்கள், மந்திரி திருவேங்கட நயினார் பதில் சொல்வார், பதில் ஓலையில் ராஜமுத்திரை விழும். அத்தோடு கேள்வி செத்தது.

வெள்ளத்தில் வீடிழந்த நாற்பது முதியவர்கள் மூன்று வருஷமாக மாட்டுக் கொட்டகையில் கிடந்தார்கள். வேலையை எங்களிடம் கொடுங்கள், நாங்களே கட்டித் தருகிறோம் என்று ஊர்ச்சபை கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிற்று. மழைக்காலம் நெருங்கவே, அரண்மனை விகடகவி தொந்தியப்பன் (பெயரில் மட்டும்தான் தொந்தி) அவர்களுக்காக எழுந்து கேட்டான்.

"வடக்கு ஏரிக்கரையில் நாற்பது வீடும் தயார், மகாராஜா. கஞ்சிக்கு ஆள், மருந்துக்கு வைத்தியர், எல்லாம் உண்டு. புரட்டாசியில் குடிபோகக் கூடாதே என்றுதான் பார்க்கிறேன்," என்றார் மந்திரி.

போன தடவை ஆடி, அதற்கு முன் மார்கழி. தொந்தியப்பனுக்கு எங்கேயோ இடித்தது. ஒரு கொத்தன்கூட ஏரிக்கரைப் பக்கம் போய் அவன் பார்த்ததில்லை. அவன் புருவம் உயர்ந்ததைக் கண்ட மந்திரி, முத்திரையைச் சந்தேகிப்பது ராஜாவையே சந்தேகிப்பது என்று பற்றவைத்தார். இவனை ஒழிக்க அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். ராஜாவுக்கோ ஏரிக்கரை வரை போய்ப் பார்க்கச் சோம்பல். ஆணை போடுவது சுலபம்.

"இந்தப் பதிலை நீ நம்பியாக வேண்டும், தொந்தியப்பா. நம்பவில்லை என்று ஒரு சொல் வந்தால் நாடு கடத்துவேன்."

"முழுக்க நம்புகிறேன், மகாராஜா," என்று வணங்கினான் அவன். அத்தனை சீக்கிரம் அடங்குகிற ஆள் அவன் இல்லை. மந்திரிதான் அதைக் கவனிக்கவில்லை.

ஐப்பசி பிறந்த அன்றே மழை கொட்டியது. நனைந்த தலைப்பாகையோடு மந்திரி சபைக்கு ஓடிவந்தார். எண்பது வயதுத் தந்தையைக் காணோம், தொந்தியப்பனின் வண்டியில் அவர் ஏறிப் போனதாகக் காவல்காரன் சொல்கிறான் என்று பதறினார்.

தொந்தியப்பன் நிதானமாக எழுந்தான். "ஆமாம். ஐப்பசி பிறந்துவிட்டதே. முதலில் பெரிய நயினாரைக் குடிவைக்கலாம், ஏழாவது வீடு அவருக்கு என்றுதான் அழைத்துப் போனேன்."

"அட பாவி, அங்கே ஏது வீடு? வெறும் சேறு. இந்த மழையில் அப்பா செத்துப்போவாரே."

சபை முழுவதும் மந்திரியைத் திரும்பிப் பார்த்தது. தன் வாயிலிருந்து வந்தது மந்திரியின் காதிலும் அப்போதுதான் விழுந்தது.

"மகாராஜா, முத்திரையைச் சந்தேகிப்பவர் மந்திரி. நான் இல்லை," என்றான் தொந்தியப்பன்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கொட்டகை நினைவு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. பெரியவர் எங்கே என்று கேட்டார்.

"என் வீட்டில் அடுப்படியில் குளிர் காய்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவரேதான் வண்டியில் ஏறினார். நம்பச் சொன்னது என்னை. அவரை நனைய வைக்க உத்தரவில்லையே, மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வீட்டு வேலை ஊர்ச்சபைக்குப் போனது. அது முடியும்வரை நாற்பது பேருக்கும் மந்திரியின் மாளிகை என்று ஆணையானது.

அன்று மாலை மாளிகைக் கூடத்தில் நாற்பது பேர் முன்னும் கலயம் வைத்தார்கள். பெரிய நயினார் கஞ்சிப் பானையையும் அகப்பையையும் மகன் கையில் கொடுத்தார்.

"கஞ்சிக்கு ஆள் உண்டு என்று சொன்னாயாமே. ஊற்று."