முன்னால் தூக்குகிறவன்

"என்னால முடியலே, தாயே. இனிமே அந்தப் பல்லக்கைத் தொடமாட்டேன்."

சொன்னவன் தாண்டவன். திவானின் பல்லக்கைத் தூக்கும் நாலு பேருக்கு அவன்தான் தலைவன். ஐம்பது வயதாகிறது. தோள் இரண்டும் காய்த்துப் போயிருந்தன.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஊரார் யோசனை கேட்டு வரும், ஏரி மதகடியில் குடிசை போட்டிருந்த அம்மையார். அவனைவிடப் பத்து வயது இளையவர். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு என்ன சொன்னா?"

"யாரு சொல்லலே? உள்ளே உக்காந்துக்கிட்டு திவான் 'வேகமா'ங்கறார். குதிரையிலே வர்ற தளபதி 'மெதுவா'ங்கறார். சாயங்காலமானா ரெண்டு பேரும் 'நான் எப்போடா சொன்னேன்'ங்கறாங்க. அடி மட்டும் எங்களுக்கு."

"நீ என்ன பண்றே?"

"காதுல விழுந்ததை அப்படியே பின்னால இருக்கிறவங்களுக்குச் சொல்லிடுவேன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நேர்மையான ஆள்தான், பாவம்.

பல்லக்குத் தூக்குவதில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வருகிறவர்களுக்குப் பல்லக்கு மறைத்துக்கொள்ளும், பாதை தெரியாது. மேடு பள்ளத்தை முன்னால் போகிறவன் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

"நேத்து ஓடைக்கரையிலே திவான் 'ஓடுங்கடா நாய்களா'ன்னார். நானும் திரும்பி அதையே சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு குழி. நான் தாண்டிட்டேன். பின்னால வந்த சடையன் காலை விட்டுட்டான். கணுக்கால் வீங்கிக் கிடக்குது."

"மத்தவங்க?"

"வரமாட்டோம்ங்கறாங்க. நாளைக்குக் கணவாய் ஏறணும். பல்லக்கு எழும்பலேன்னா எங்க நாலு குடும்பத்தையும் ஊரைவிட்டே துரத்திடுவார். அவங்களை எப்படித் தாயே கூட்டிக்கிட்டுப் போவேன்?"

அம்மையார் எழுந்தார்.

"கீரையை அலசணும். முறத்தோட அந்தப் பக்கத்தைப் பிடி. கண்ணை மூடிக்கோ."

அம்மையார் முன்னால் போனார். தாண்டவன் கண்ணை மூடியபடி பின்னால் போனான்.

"திவானுக்கு இன்னிக்குத் தலைவலியாம், தாண்டவா."

"சரி, தாயே."

"அவருக்கும் தளபதிக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாம்."

"தெரிஞ்சதுதானே."

"உன்னைச் சோம்பேறின்னு ரெண்டு பேரும்…"

தாண்டவனின் கால் ஒரு கல்லில் இடித்தது. குப்புற விழுந்தான். கீரை மொத்தமும் மண்ணில்.

"கல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" எரிச்சலில் கத்தியேவிட்டான்.

அம்மையார் குனிந்து கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார்.

தாண்டவனும் உட்கார்ந்து பொறுக்கினான். பாதி பொறுக்கிய பிறகு கை நின்றுவிட்டது.

"அப்போ திவானும் தளபதியும் பேசறதெல்லாம் எங்கே போறது?"

"முன்னால நிக்கறது யாரு? அவனோட நிக்கட்டும்."

"எனக்கு அலுத்துப் போகுமே, தாயே."

"போகும்."

தாண்டவனுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே சடையன் வீட்டுக்குப் போனான். பல்லக்கில் சடையனோடு பின்னால் தூக்கும் பூவனும் அங்கே இருந்தான். தாண்டவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குழியை நான் பார்த்தேன், சடையா. சொல்லலே."

சடையன் அவனையே பார்த்தான். பூவன் சுவரைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் பூவன் வந்தான். சடையனுக்குப் பதிலாகத் தன் மச்சானையும் கூட்டி வந்தான். நாலாவது ஆளும் முனகிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

கணவாய் ஏறும்போது திவானுக்கு வாய் ஓயவில்லை. தளபதியும் சளைக்கவில்லை. இருவருக்கும் "ஆகட்டும், எசமான்" என்றான் தாண்டவன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பின்னாலிருந்து பூவன் கேட்டான்.

"அண்ணே, உள்ளே ஏதோ சத்தம் கேக்குதே. என்னவாம்?"

"ஒண்ணுமில்லேடா. வலப்பக்கம் சரிவு. கால் பார்த்து வை."