சோற்றில் நின்ற குச்சிகள்

“எம்மவன் இருக்கானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

வந்து உட்கார்ந்ததும் ஆவுடையப்பன் கேட்டது இதைத்தான். ஒரு கும்பிடு கூடப் போடவில்லை.

எதிரே இருந்தவர் மியோசென். யுகிசாவா என்கிற மலை ஊரில் இருந்த சின்ன புத்த மடத்தின் தலைவி. மழித்த தலை. ஆவுடையப்பனைவிட இருபது வயது இளையவர்.

இருவருக்கும் நடுவே பாயில் ஒரு கைபேசி கிடந்தது. தமிழில் சொன்னால் ஜப்பானிய மொழியில் பேசும். ஜப்பானிய மொழியில் சொன்னால் தமிழில் பேசும். மகனுடைய சிநேகிதன் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பியிருந்தான்.

அந்தக் கைபேசிக்குத் தென்காசித் தமிழ் விளங்கவில்லை.

“மீண்டும் கூறவும்” என்றது.

முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் ஆவுடையப்பன். படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றிய தொண்டை அது. அந்தத் தொண்டையை ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போல மாற்றிக்கொண்டு கேட்டார்.

“என் மகன் உயிருடன் இருக்கிறானா?”

இந்தச் சொற்களை இந்த வரிசையில் அவர் இதுவரை சொன்னதே இல்லை.

மியோசென் எழுந்துபோய்ப் பக்கத்துக் கதவைத் தள்ளினார். வெளியே மலை நின்றது.

“என்னத்தப் பாக்கச் சொல்லுதீக?”

“மீண்டும் கூறவும்” என்றது கைபேசி.

மகன் நல்லசிவன். இருபத்தெட்டு வயது. ஜப்பானில் வேலை. போன வருஷம் தை மாதம் நாலு நாள் லீவு கிடைத்ததும் ஊர் பார்க்க இங்கே தனியாக வந்தான். மடத்தின் விருந்தாளி அறையில் இரண்டு ராத்திரி தங்கினான். மூன்றாம் நாள் காலை மலைப்பாதையில் நடந்து போனான். மத்தியானம் பனி கொட்டியது.

பதினோரு நாள் தேடினார்கள். தோள் பை கிடைத்தது. பனி உருகிய பிறகு மறுபடியும் தேடினார்கள். வேறு எதுவும் கிடைக்கவில்லை.

பதினாறு மாதம் ஓடிவிட்டது. சொந்தத்தில் ஒருவர் மெதுவாகக் ‘காரியம்’ என்று வாயெடுத்தார். ஆவுடையப்பன் அவரைச் செருப்பு மாட்டக் கூட விடாமல் விரட்டினார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மனைவி செண்பகம் மட்டும் எடுத்தாள். அவர் விமானம் ஏறக் கிளம்பிய அன்று, பெட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாங்க. நான் அவனுக்குப் பொங்கி வைக்கணுமா, எள்ளுந் தண்ணியும் எறைக்கணுமா? ரெண்டுங்கெட்டானா என்னால இருக்க முடியல.”

அவளுக்கு என்ன பதிலைக் கொண்டுபோவது என்பதுதான் அவருக்கு இப்போது பயமாக இருந்தது.

மறுநாள் ஊருக்குள் நடந்தார். நாற்பது வீடு இருக்கும். சாக்கடையில் மலை ஊற்றின் வெந்நீர் ஓடி ஆவி பறந்தது. பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் வாய் திறக்காமல் நின்றார்கள். வந்த பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, விசிலும் இல்லை. இப்படி ஒரு பஸ் ஓடி என்ன பிரயோசனம் என்று அவருக்குத் தோன்றியது.

முடிவெட்டும் கடைக்காரரிடம் மகனின் போட்டோவைக் காட்டினார். கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். இடுப்பு வரை குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

அடுத்த இரண்டு வீடுகளிலும் காட்டினார். அவர்களும் குனிந்தார்கள்.

நாலாவது வீட்டுக்கு அவர் போகவில்லை. போட்டோவைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“இந்த ஊர்க்காரர்கள் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்” என்று மியோசெனிடம் சண்டைக்குப் போனார்.

மியோசென் யோசித்துவிட்டுச் சொன்னார். கைபேசி தமிழாக்கியது.

“அன்று காலை உங்கள் மகனுக்கு நான்தான் கஞ்சி கொடுத்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.”

“மூணு தடவையா?”

பெத்த மனம் பித்து என்பார்கள். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சி என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிற பயல். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை வாயில் வைத்து அழுதார். மியோசென் பார்வையை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் நான் கிண்ணத்தைக் கழுவினேன்.”

“நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.”

“இல்லை” என்றார் மியோசென்.

மூன்றாம் நாள் மத்தியானம் கொண்டுவந்த தின்பண்டம் தீர்ந்துபோனது. முறுக்கையும் பிரெட்டையும் வைத்து இரண்டு நாள் ஒப்பேற்றியிருந்தார். அந்த மடத்தில் கரண்டி கிடையாது, குச்சிதான். கையால் அள்ளினால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். ஆனால் பசிக்குக் கூச்சம் ஏது?

சமையல்கார அம்மாள் ஹருயே கறுப்புக் கிண்ணம் நிறையச் சோறு வைத்தாள். பக்கத்தில் முள்ளங்கி ஊறுகாய்.

ஆவுடையப்பன் குச்சியால் அள்ளினார். ஒரு பருக்கை கூட ஏறவில்லை. இன்னொரு தடவை அள்ளினார். ஏறிய பருக்கையும் மடியில் விழுந்தது.

“ஆளை விடுங்கடே” என்றார் குச்சிகளிடம்.

வீட்டில் செண்பகம் சோற்றுப் பானையில் கரண்டியைக் குத்தி வைப்பாள். அதே பழக்கத்தில் இரண்டு குச்சிகளையும் சோற்றின் நடுவில் குத்தி நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார். சோற்றைக் கண்டபின் கையால் தின்னாமல் என்ன செய்வது?

திரும்பி வந்தபோது ஹருயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மியோசென் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு?”

ஹருயே படபடவென்று என்னவோ சொன்னாள்.

கைபேசி சொன்னது: “சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நிறுத்துவதில்லை. அது இறந்தவருக்கு வைக்கும் சோறு.”



“தெரியாம வச்சேன்! எடுங்க! எடுத்து அந்தாலப் போடுங்க அதை!”

“மீண்டும் கூறவும்.”

“எடுக்கச் சொல்லுதேன்லா!”

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஹருயே கை நீட்டினாள். மியோசென் அந்தக் கையைத் தடுத்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, குச்சிகள் சாயாமல் கொண்டுவந்து ஆவுடையப்பன் முன்னால் வைத்தார்.

“நீங்கள் வைத்தீர்கள். நீங்களே எடுங்கள்.”

“எடுத்துவிட்டால்?”

“எடுத்துவிட்டால் அது உங்கள் சோறு. சாப்பிடலாம்.”

“வேறு ஒன்றும் ஆகிவிடாதே?”

“ஆகாது.”

ஆவுடையப்பன் கையை நீட்டினார். கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. இரண்டே குச்சி. பிடுங்கிப் போட ஒரு நொடி போதும். பிடுங்கினால் நல்லசிவன் மறுபடியும் எங்கோ இருப்பான். செண்பகம் மறுபடியும் பொங்குவாள், தட்டை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள், ஆறினதை எடுத்துக் கொட்டுவாள்.

கை குச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றது.



அவர் கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். அழுகை அடங்கவில்லை, அவரும் அதை நிறுத்தவில்லை. பதினாறு மாதமாகச் செண்பகத்துக்கு முன்னால் அடக்கி வைத்த அழுகை எல்லாம் வந்தது. ஹருயே அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து ஆவுடையப்பன் தலையைத் தூக்கினார்.

“படைக்கும்போது எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்?” என்று மியோசென் கேட்டதைக் கைபேசி சொன்னது.

“நல்லசிவன்.”

மியோசென் அந்தப் பெயரை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் புத்தர் பீடத்துக்குக் கொண்டுபோகக் கையில் எடுத்தார்.

“ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா” என்றார் ஆவுடையப்பன். “வெறுஞ்சோறு அவனுக்கு எறங்காது. ஊத்திக்க ஏதாச்சும் கொண்டாங்க.”