மூணரை மணி நேரக் கல்யாணம், ஒரே டிவிடி

"டிவிடியில படத்துக்கு எவ்வளவு இடம், சத்தத்துக்கு எவ்வளவு இடம்? அந்தக் கணக்கை மட்டும் சொல்லிருங்க தங்கச்சி. நான் பாட்டுக்குப் போயிருதேன்."

இசக்கியப்பன் இதைக் கேட்பது பத்தாவது தடவை.

ஷரிபா சிரித்தாள். அந்தச் சிரிப்பே அவருக்குப் பிடிக்கவில்லை.

இசக்கியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஷரிபாவுக்கு அவர் மகள் வயசு. மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில், வீடியோவை வெட்டி ஒட்டி டிவிடியாக்கித் தருகிற மிக்சிங் கடை வைத்திருக்கிறாள். எவ்வளவு நீளமான படத்தையும் ஒரே டிவிடியில் அடக்கிவிடுவாள். படமும் கலங்காது, சத்தமும் கரகரக்காது.

அந்த வித்தையைக் கற்க மனுஷன் வெட்கத்தை விட்டுத்தான் மாடி ஏறினார். சந்தேகத்தை மட்டும் விட முடியவில்லை. டீயில் சர்க்கரை போட்டார்களா என்று அடிவரைக்கும் கலக்கிப் பார்த்துவிட்டு வாய் வைக்கிற ஆள் அவர்.

சங்கதி இதுதான். பேச்சியம்மாளுடைய மூத்த மகள் கல்யாண வீடியோ மூணரை மணி நேரம் ஓடுகிறது. "ரெண்டு டிவிடியாப் போட்டுரலாமே" என்று கேட்டதற்கு, "நல்ல காரியத்தை ரெண்டாப் பிளக்கச் சொல்லுதியளோ?" என்று அடிக்காத குறையாகச் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

முதல் தடவை, பட்டும் நகையும் மின்னட்டும் என்று படத்துக்கு இடத்தை வாரிக் கொடுத்தார். சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. டிவிடி திரும்பி வந்தது.

இரண்டாம் தடவை சத்தத்துக்கு அள்ளிக் கொடுத்தார். அங்கங்கே சேர்த்திருந்த சினிமாப் பாட்டெல்லாம் கணீரென்று கேட்டது. முகங்கள்தான் கட்டம் கட்டமாக உடைந்தன. அதுவும் திரும்பி வந்தது.

இரண்டு தடவையும் பேச்சியம்மாள் சொன்னது ஒரே வார்த்தை. "சரியில்ல."

ஆவணியில் அவர்களுடைய சின்ன மகளுக்குக் கல்யாணம். மூன்றாவதும் திரும்பினால் அந்த வேலை ஜங்ஷன் ஸ்டூடியோக்காரனுக்குப் போய்விடும். அப்புறம் ஊரே அவன் பின்னால் போகும். அவன்தான் இந்தம்மாவைத் தூண்டிவிடுகிறான் என்று இசக்கியப்பனுக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஷரிபா ஒரு துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் திரைமேல் போட்டாள். உள்ளே பேச்சியம்மாள் வீட்டுக் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது; சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப என்ன தெரியுது அண்ணாச்சி?"

"நீங்க எதையோ ஒளிக்கிறது தெரியுது."

அவள் துண்டை எடுத்து மடித்து வைத்தாள்.

"இதை வீட்டுல யாரு பாப்பாங்க?"

"எல்லாரும்தான் பாப்பாவ. இது என்ன கேள்வி?"

"அப்ப நாளைக்கு அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நீங்க எடுத்த டேப்பையும் கொண்டாங்க. வெட்டாம, ஒட்டாம, அப்படியே."

ஆகா, பார்ட்டியை வளைத்துப் போடப் பார்க்கிறாள்! இசக்கியப்பன் படி இறங்கும்போதே பல்லைக் கடித்தார். ஆனாலும் மறுநாள் கூட்டிக்கொண்டு வந்தார். வேறு வழி?

டேப் ஓடியது. ஷரிபா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேச்சியம்மாளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

படம் பார்க்காமல் முகத்தையா பார்ப்பாள் ஒருத்தி? ரெண்டு பேரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று இசக்கியப்பன் முடிவு கட்டிவிட்டார்.

தாலி கட்டும் இடம் வந்தது. பேச்சியம்மாள் கொட்டாவி விட்டாள். பட்டுச்சேலையின் ஜரிகை பளபளத்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பந்தி வந்தது. வெறும் இலையும் கூட்டும் பச்சடியும்தான். உருப்படியாக ஒரு முகம்கூட இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"ஏல, கடைசிப் பந்திக்கு அப்பளம் பத்துமான்னு பாருல!"

பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதை இன்னொருக்கா போடுங்க."

ஷரிபா போட்டாள்.

"இன்னொருக்கா."

மூன்றாம் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அவியதான்" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் பங்குனியில் தவறிப்போனார். இசக்கியப்பனே மாலை வாங்கிக்கொண்டு போய் வந்த சாவு. கல்யாணத்தன்று அந்த மனுஷன் பந்திக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டே இருந்தார். மூணரை மணி நேரத்தில் ஒரு இடத்தில்கூட அவர் முகம் கேமராவில் சரியாக விழவில்லை.

இசக்கியப்பன் திரும்பி ஷரிபாவைப் பார்த்தார். கணக்கைக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை.

"தாயி" என்றார். "உங்க வீட்டு அண்ணாச்சி வேற எங்கெல்லாம் பேசினாவ?"

"பொண்ணைக் கார்ல ஏத்தும்போது சன்னல்கிட்ட குனிஞ்சு அவகிட்ட என்னமோ சொன்னாவ. அவ அழுத அழுகையில ஒண்ணும் காதுல விழலையாம். அப்பா என்ன சொன்னாவன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுக் கேட்டு அழுதுக்கிட்டிருக்கா."

பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த எடத்துல நீங்க பாட்டுப் போட்டிருக்கிய."