எறும்பு ஏறாத மாவு

எறும்பையும் அதிகாரத்தால் விரட்டலாம் என்று நம்பிய முதலாளி ஒருவர் இருந்தார். பெயர் குலசேகரன், குழந்தை உணவு மாவு ஆலை அவருடையது. ஆலையின் ஆண்டுவிழாவுக்கு வேப்பமரத்தடியில் மாவைத் தாம்பாளத்தில் குவித்து, அருகே விருந்தினருக்கு லட்டும் வைத்தார். துப்புரவுப் பணியாளர் பேச்சியம்மாளை அழைத்தார்.

“மாவுல ஒரு எறும்பு ஏறினாலும் உனக்கு வேலை கிடையாது. எறும்புப் பொடியும் தூவக் கூடாது.”

“ஆகட்டும் முதலாளி” என்று அவள் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தபோது லட்டு எறும்பு மொய்த்துக் கறுத்திருந்தது; மாவோ வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“இதில் சர்க்கரை உண்டா?”

“தாராளமா இருக்கு மேடம்.”

“பின்னே எறும்பு ஏன் வரவில்லை? மருந்து போட்டீர்களா?”

முதலாளி பேச்சியம்மாளைக் கைகாட்டினார்.

“நான் எதுவும் போடலீங்கம்மா. எறும்புங்க வந்துச்சு, மோந்து பாத்துச்சு. புள்ளகுட்டி உள்ளதுங்க இல்லியா, திரும்பிப் போயிருச்சு. மாவுல என்ன போட்டாங்கன்னு ஆலைக்குள்ளதான் கேக்கணும்.”

அதிகாரி பரிசோதனைக்கு மாவை எடுக்கப் புட்டி கேட்டார். முதலாளி பேச்சியம்மாளின் காதருகே குனிந்தார்.

“பேச்சி, ஒரு எறும்பையாவது புடிச்சு மாவுல விடு. உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

“விட்டுப் பாத்தேன் முதலாளி. நிக்க மாட்டேங்குது.”