பட்டையை வெட்டுமுன்

பேர் தவசி. தவம்தான் கைகூடவில்லை.

மடத்துக்கு வந்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் முதுகு அரிக்கும். எழுந்தால் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கிணற்றுக்கும் நடப்பார். ஐம்பதைத் தாண்டிய ஆள். நூற்பாலையில் பஞ்சு பேல், அதாவது இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி, உடைக்கிற வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் உதறிவிட்டு வந்தவர். இன்றைக்குக் காவி கிடைக்காவிட்டால் வேறு மடம் பார்த்துக்கொள்வதென்று முடிவே கட்டிவிட்டார்.

மடத்தை நடத்திய சங்கரம்மாள் அவரைவிட இளையவர். ஊரே சாமியம்மா என்று கும்பிட்டாலும் அவர் தவசியை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"எல்லாப் பந்தத்தையும் வெட்டிட்டுத்தானேம்மா வந்தேன். இன்னும் ஏன் மனசு கிடந்து தவிக்குது?"

ஆஸ்பத்திரிக்குத் தலையணை தைக்க யாரோ புண்ணியவான் அனுப்பிய பஞ்சு பேல் ஒன்று கூடத்தில் கிடந்தது. பஞ்சை நசுக்கி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டுப் பூட்டியிருந்தார்கள். அதை உடைத்துத் தரச் சொல்லி, இரும்பு வெட்டும் கத்திரியைச் சாமியம்மா தவசி கையில் கொடுத்தார்.

ஞானம் கேட்டு வந்தவனுக்கு இங்கேயும் மில்லு வேலையா என்று தவசி முனகினார். ஆனால் கத்திரியைப் பட்டையில் வைத்ததும் பழைய ஆள் ஆகிவிட்டார். பேலுக்கு எதிரே சாமியம்மா நின்றார்.

"ஒதுங்கு!"

சாமியம்மா சட்டென்று ஒதுங்கினார். யாரை அதட்டினோம் என்று உறைக்கவே தவசி நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று வெட்டினார். பட்டை துள்ளிச் சுவரில் அறைந்தது. காரை உதிர்ந்தது.

"எதுக்கு அண்ணே அந்தச் சத்தம்?"

"மில்லுப் பழக்கம், மன்னிச்சுக்கிடுங்கம்மா. உள்ள பஞ்சு திமிறிக்கிட்டு இருக்கும். வெட்டுனதும் பட்டை எதிர்ல நிக்கிற ஆளு மூஞ்சியக் கிழிச்சிரும். சத்தம் குடுக்காம வெட்டுறவனை நாங்க பக்கத்துலயே சேர்க்க மாட்டோம்."

"வீட்டைவிட்டு வந்தப்ப எதிர்ல யாரு நின்னா?"

"யாருமில்லம்மா. வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போயிருந்தா. அவ திரும்புறதுக்குள்ள கிளம்பிட்டேன்."

"சத்தம் குடுத்தீங்களா?"

"சொன்னா விடமாட்டாளேம்மா."

"விட்டிருக்க மாட்டா, சரி. ஒதுங்கவாச்சும் செஞ்சிருப்பா."

அரிசிப் பையைச் சுமந்துகொண்டு வந்த வீட்டுக்காரி பொன்னுத்தாயி, திறந்து கிடந்த வீட்டுக்குள் அவரைத் தேடியிருப்பாள் என்பது தவசிக்கு இத்தனை நாளில் இப்போதுதான் தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பேல் பக்கம் திரும்பினார். இன்னும் பட்டை பாக்கி இருக்கிறதென்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

சாமியம்மா கத்திரியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இதை நான் பாத்துக்கிடுறேன், அண்ணே. அடி எங்க பட்டுச்சுன்னு நீங்க போய்ப் பாருங்க."