ஒரே ஒரு ஜோடி கிளவுஸ்

திருமங்கலத்துக்கு வெளியே ஓர் அரிசி குடோனுக்குத் தகரக் கூரை போடுகிற வேலை. பழைய கிளவுஸெல்லாம் கிழிந்து தொங்க, அன்றைக்குப் புதுசாக வந்து சேர்ந்தது ஒரே ஒரு ஜோடி. ஷீட்டைத் தூக்கிக் கொடுக்கிறவர்களோ இரண்டு பேர்: அழகுமலையும் பேச்சியம்மாவும்.

"தகரம் யார் கையை அதிகமாப் பதம் பாத்திருக்கோ, அவுகளுக்குத்தான் இது" என்றார் காதர் மேஸ்திரி, டீயை ஆற்றிக்கொண்டே.

அழகுமலைக்கு வாயெல்லாம் பல். காலையில் தகரம் கிழித்த உள்ளங்கை வியர்வை பட்டு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கிளவுஸ் மேல் அவனுக்கு அப்படி ஓர் ஆசை. உள்ளங்கையை விரித்துக் காட்டியிருந்தாலே போதும். உள்ளதைச் சொல்லிப் பழகாத வாயாயிற்றே!

"போன ஆடிக் காத்துல ஒரு ஷீட்டு என் கட்டைவிரலைச் சீவிருச்சு மேஸ்திரி. விழுந்த விரலு சும்மா கெடந்துச்சா? உருண்டு போயி நாலு ஸ்க்ரூவை முடுக்கிட்டு, தானா வந்து ஒட்டிக்கிருச்சு."

"ஸ்க்ரூ நேரா எறங்குச்சாப்பா?" என்றாள் பேச்சியம்மா, வடையைப் பிட்டபடி.

"நூல் பிடிச்சாப்லக்கா! மறுவாரம் மணிக்கட்டோட போச்சு. பொழுது சாயுறதுக்குள்ள புதுக்கை மொளச்சிருச்சு. பழசை ஒரு நாய் கவ்விட்டுப் போச்சு. போற வழியெல்லாம் அந்தக் கை பஸ்ஸை நிப்பாட்டிக்கிட்டே போச்சாம்."

மேஸ்திரிக்குச் சிரிப்பில் புரையேறியது. கேட்கிறவர் சிரித்துவிட்டால் அப்புறம் அழகுமலையைப் பிடிக்க முடியாது.

"இன்னொரு ஷீட்டு இடுப்போட ரெண்டா வெட்டிருச்சு. மேல்பாதி சாரத்துல நின்னு வேலை பாத்துச்சு, கீழ்பாதி கடைக்கு நடந்து போயி டீ வாங்கியாந்துச்சு."

"எந்தக் கையில வாங்குச்சு?" என்றாள் பேச்சியம்மா.

"அரைஞாண் கயித்துல தூக்குவாளியை மாட்டில்ல அனுப்புனேன்! அதை விடுங்க. ஒருதரம் தலையே போச்சு. எடுத்து அவசரத்துல முன்பின்னா மாட்டிட்டேன். வீட்டுக்குப் போறோம்னு நெனச்சு சாயங்காலம் பூரா வேலைக்கே வந்துக்கிட்டிருந்தேன்."

பேச்சியம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இடதுகையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் நுனிக் கணு இல்லை.

"எனக்கு இது ஒண்ணுதான் மேஸ்திரி. வருசக்கணக்கா ஆச்சு, இன்னும் மொளைக்கல. தம்பி என்ன உரம் போட்டாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

அழகுமலைக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி கிளவுஸை அவள் மடியில் போட்டார். "மொளைக்கிற கைக்கு எதுக்குய்யா கிளவுஸ்?"

எரிகிற உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே எழுந்தான் அவன். அப்போதும் வாய் அடங்கவில்லை.

"எனக்காகவா கேட்டேன் மேஸ்திரி? என் கை பட்டா தகரத்துக்குக் காயமாயிருமேன்னுதான் கேட்டேன்."

"தகரம் தாங்கிக்கிரும். தூக்கு."