பொன்னழகின் கையெழுத்து

பொன்னழகுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊராட்சித் தலைவி. அவள் குருவாக ஏற்றுக்கொண்ட மாதவத்தம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பத்து வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டுத் துறவு பூண்டவர் அவர். ஊருக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டில் மடம் போட்டிருந்தார். தன்னைவிட மூத்த மாணவியை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

தலைவி என்பது பெயருக்குத்தான். ஊரில் தலைவர் என்றால் அவள் கணவன் துரைசிங்கம். நாற்காலியில் உட்காருவது அவன், மைக் பிடிப்பது அவன், 'பொன்னழகு' என்று கையெழுத்துப் போடுவதும் அவனே. அதுவும் முத்து முத்தாகப் போடுவான்.

குடியரசு தினத்துக் கிராம சபையில் யாரோ அவளைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாள். நெஞ்சு தடதடவென்று அடித்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் இருட்டி அப்படியே சரிந்தாள். துரைசிங்கம் மைக்கை வாங்கி, "அவளுக்கு நரம்புத் தளர்ச்சிங்க" என்றான். ஊரும் உச்சுக் கொட்டியது.

அடுத்த சபை மே ஒன்றாம் தேதி. அந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் தருவது ஒரே ஓர் ஊருணி. அதை மண் கொட்டி மூடிக் கடைகள் கட்டத் தீர்மானம் எழுதி வைத்திருந்தான் துரைசிங்கம். அன்றைக்கும் அவள் வாய் திறக்காவிட்டால் ஊருணி போய்விடும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு மடத்துக்கு வந்து நின்றாள்.

"அம்மா, பயம் போறதுக்கு ஒரு மந்திரம் சொல்லுங்க."

"பயம்னு யார் சொன்னது?"

"எல்லாரும்தான். நரம்புத் தளர்ச்சியாம். அவர் நாட்டு மருந்துக் கடையில லேகியம்கூட வாங்கிக் குடுத்தாரு."

"சாப்பிட்டீங்களா?"

"தூக்கம்தான் வந்துச்சு."

"அதுக்குத்தான் குடுத்திருப்பாரு," என்றார் மாதவத்தம்மா.

பிறகு பொன்னழகின் வலது கை விரல்களை எடுத்து, அவளுடைய இடது மணிக்கட்டிலேயே வைத்தார்.

"நாடி கிடைக்குதா அக்கா?"

"கிடைக்குதும்மா."

"கலெக்டர் எதிர்ல நிக்கிறாருன்னு நினைச்சுக்குங்க."

"ஒரு மாத்தமும் இல்ல."

"ஊர்ச்சனம் முந்நூறு பேர் உக்காந்திருக்காங்க."

"கொஞ்சம் கூடுது... இப்ப அடங்கிடுச்சு. எல்லாம் நம்ம சனம்தானே."

"உங்க வீட்டுக்காரர் பின்னால வந்து நிக்கிறாரு."

பொன்னழகின் விரலுக்கடியில் நாடி எகிறியது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள். முப்பது வருடமாகத் தன்னிடமே மறைத்து வைத்திருந்தது இப்படி விரல் நுனியில் அகப்பட்டுவிட்டதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

"இதையா தளர்ச்சிங்கறாங்க?" என்றார் மாதவத்தம்மா. "ஆளைச் சரியா அடையாளம் காட்டுதே. இதைவிட நல்ல நரம்பு யாருக்கு இருக்கு?"

"அப்ப எனக்கு நோய் இல்லையா?"

"உடம்பு உங்களைக் காப்பாத்தப் பார்க்குது. ஓடு, இல்லன்னா எதிர்த்து நில்லுன்னு சொல்லுது. நீங்க ரெண்டையும் செய்யல. அது வேற என்ன செய்யும்? படுக்கப் போட்டுடுச்சு."

"அன்னைக்கு நான் என்னதான் செய்யறது?"

"மறுபடி நாடியைப் பிடிங்க. மூச்சை இழுங்க. என்ன ஆகுது?"

"வேகமாகுது."

"அடுப்பு ஊதுவீங்கல்ல? அதே மாதிரி நீளமா விடுங்க."

பொன்னழகு உதட்டைக் குவித்து விட்டாள். இன்னொரு தடவையும் விட்டாள்.

"அம்மா, மெதுவாகுது! நான் ஊத ஊத மெதுவாகுது!"

"யாரு மெதுவாக்கினது?"

"நான்தான்."

"மந்திரம் கேட்டீங்களே?"

"வேண்டாம்மா," என்று எழுந்துகொண்டாள் பொன்னழகு.

அந்த மாதம் முழுக்க ஊதினாள். சோறு வடிக்கும்போது ஊதினாள். துரைசிங்கம் கத்தும்போதும் ஊதினாள். "என்னடி உஸ்ஸு உஸ்ஸுங்கற?" என்று அவன் கேட்டதற்கு, "வெக்கையா இருக்கு" என்று சொல்லி வைத்தாள்.

மே ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்து மரத்தடியில் சபை கூடியது. ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். துரைசிங்கம் மைக்கை எடுக்கப் போனான். பொன்னழகு அதன் மேல் கையை வைத்தாள்.

நெஞ்சு அடித்தது. அன்றைக்கு அடித்த அதே அடிதான். அவள் அதோடு சண்டைக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை ஊன்றினாள். முந்நூறு பேர் பார்க்க, உதட்டைக் குவித்து நீளமாக ஊதினாள். நாலைந்து பிள்ளைகள் சிரித்தன. சிரித்தால் சிரிக்கட்டும் என்று இன்னொரு தடவை ஊதினாள்.

"அவளுக்கு நரம்பு..." என்று ஆரம்பித்தான் துரைசிங்கம்.

"என் நரம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்க உக்காருங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான். அத்தனை பேருக்கு முன்னால் அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"ஊருணியை மூடக் கூடாதுங்கறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் பெண்கள் தூக்கினார்கள். பிறகு ஆண்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானத்தை எழுதிப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். பேனாவைப் பிடித்த கை உதறியது. எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு வரியைத் தாண்டிப் போயிற்று.

அதிகாரி பழைய பக்கங்களைப் புரட்டினார். "முந்தின கையெழுத்தோட இது ஒத்துப்போகலையேம்மா?"

"போகாதுங்க. அதெல்லாம் அவர் போட்டது. இதுதான் நான் போட்டது."

கூட்டத்தில் எல்லாத் தலையும் துரைசிங்கம் பக்கம் திரும்பியது.

"பதவி போயிடும்டி," என்று பல்லைக் கடித்தான் துரைசிங்கம்.

"போகட்டும். ஊருணி இருக்கும்ல?"

"நான் இதை மேலிடத்துக்கு எழுதியாகணும்," என்றார் அதிகாரி.

"தாராளமா எழுதுங்க," என்றாள்.

மறுநாள் காலை மடத்துக்கு வந்தாள். முகத்தில் சந்தோஷத்தோடு ஒரு குறையும் இருந்தது.

"குரல் வந்துடுச்சும்மா. நெஞ்சும் அடங்கிடுச்சு. ஆனா கை மட்டும் கடைசி வரைக்கும் நடுங்குச்சு. கையெழுத்தா அது? கோழி கிண்டின மாதிரி இருக்கு. எனக்கே அவமானமாப் போச்சு. இந்த நடுக்கம் நிக்க ஒரு வழி சொல்லுங்க."

மாதவத்தம்மா ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

"நேத்து போட்டதே மாதிரி இன்னொண்ணு போடுங்க."

பொன்னழகு போட்டாள். வேறு மாதிரி வந்தது. மறுபடி போட்டாள். அதுவும் வேறு மாதிரி.

"எனக்கே வரலையேம்மா."

"உங்க வீட்டுக்காரருக்கு வருமா?"

பொன்னழகு தாளிலிருந்த இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வராது."

"அப்ப நடுங்கட்டும்," என்றார் மாதவத்தம்மா.